எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

கோலார் தங்கவயலில் ரகசியம் காப்பது கஷ்டம். சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்துக் கம்பெனி கட்டிய ‘லைன்’ வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். யார் சம்பளத்தை முழுதாகக் கொண்டுவந்தார், யார் கொண்டுவரவில்லை, ராத்திரி யார் வீட்டில் பாத்திரம் பறந்தது என்பதெல்லாம் விடிவதற்குள் குழாயடிக்கு வந்துவிடும். ஸ்கெலட்டனில் எங்கள் வீடும் அப்படித்தான். (பெங்களூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், கோரமண்டல் என்று சுற்றிலும் கம்பீரமான பெயர்கள் இருக்க, எங்கள் பங்குக்குக் கிடைத்தது எலும்புக்கூடு.)

ஆகவே என் அண்ணன் குடிப்பார் என்பது ஒரு ரகசியமாகவே இருந்ததில்லை. விழுந்து கிடந்தால் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் கிடத்திவிட்டு, “தம்பி, செருப்பு ஒண்ணுதான் கெடச்சுது, இன்னொண்ணு காலைல பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் இளக்காரம் இருக்காது. நாளைக்கு அவர்கள் வீட்டிலும் இதே கதைதான். குடிப்பதற்கு எங்கள் ஊரில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. குடியை விடுவதற்காக ஓர் இடத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால்தான் தலை குனிய வேண்டும். இந்த விசித்திரம் எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. புரிந்த பிறகுதான் அண்ணன் ஏன் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் குடியை விட்டார் என்பதும் புரிந்தது.

பாரத் கோல்ட் மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. அண்ணனுக்கு அப்போது 36 வயது. அதில் 15 வருடம் அண்டர்கிரவுண்டில் போனது. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து கேட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் ஒப்பிப்போம்: மைன்ஸை மூடினார்கள், குடி பெருகிவிட்டது. இது பாதி உண்மை. சுரங்கம் ஓடிய காலத்திலேயே சம்பள நாளன்று சாராயக் கடைக்குச் சற்றுத் தள்ளி, புருஷன் வெளியே வருவதற்குக் காத்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று சொல்ல முடியாத ராக் பர்ஸ்ட். இதிலிருந்து உயிரோடு மேலே வந்தவன் ஒரு கிளாஸ் போட்டால் அதை யார் குற்றம் சொல்வார்கள்? எங்கள் அப்பாவும் குடித்தார். ஆனால் ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் எழுந்துவிடுவார். சங்கு நின்றுபோனதுதான் வித்தியாசம். அண்ணனுக்குக் காலையில் எழுந்திருப்பதற்கு ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் தீரும்வரை வீட்டில் குடித்தார். தீர்ந்த பிறகு, ஊரில் பாதிப் பேரைப் போல, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் குடித்தார்.

2007 ஜூலை 1-ம் தேதி கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. பாக்கெட் சாராயம் மறைந்தது. அண்ணி அன்று பாயசம் வைத்தார். பாயசத்தின் இனிப்பு மூன்று வாரம் தாங்கியது. பிறகு அதே மனிதர் மலிவு விஸ்கிக்கு மாறினார். விலை ஏறியதுதான் மிச்சம்.

2008-ல் ஒரு தனியார் ‘மறுவாழ்வு இல்லத்தில்’ ஒரு மாதம் வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். பூட்டிய கதவு, அதட்டல், காலையில் யோகாசனம், மாலையில் டி.வி., முன்கூட்டியே கட்டிய பணம். முப்பது நாளும் அண்ணன் ஒரு சொட்டு தொடவில்லை. முப்பத்தோராவது நாள் பங்காரப்பேட்டையில் ரயில் மாறும்போது, “தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேன்” என்று இறங்கிப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

அடுத்த வருடம் நிம்ஹான்ஸ். கை நடுக்கத்தில் தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியாத நிலையில் கொண்டுபோனோம். கூடவே வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டு இருந்தேன். மூன்றாவது நாள் ராத்திரி அண்ணன் எழுந்து உட்கார்ந்து, “கூண்டு வந்துட்டுது, மணி அடிக்கிறான் பாரு” என்றார். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் மணி அது. மூடி எட்டு வருடம் ஆகியிருந்தது. சட்டைப் பையில் டோக்கனைத் தேடினார். நர்ஸ் வந்து ஊசி போட்டார்.

மறுநாள் டாக்டர் விளக்கினார். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சித்தபிரமை பிடிக்கலாம், உயிரே போகலாம். அதனால்தான் முதல் சில நாள் தூக்க மருந்தை அளவாகக் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். தயமின் என்ற பி-1 வைட்டமினை ஊசியாக ஏற்றுகிறார்கள். அது குறைந்தால் ஞாபகமே அழிந்துவிடுமாம். ‘மனசு வெச்சா விட்ரலாம்’ என்று எங்கள் ஊரில் ஆளாளுக்குச் சொல்லும் புத்திமதியை அப்படியே கேட்டு நடந்தால் ஆளே காலியாகலாம். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கூட்டங்களைப் பற்றி நான் இனிமேல் சொல்லப்போவதெல்லாம் இந்த முதல் கட்டத்தைத் தாண்டிய பிறகுதான். கூட்டம் ஆஸ்பத்திரிக்கு மாற்று அல்ல.

டிஸ்சார்ஜ் அன்று சமூக சேவகர் ஒருவர் துண்டுச் சீட்டில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். “இங்கே உடம்பிலிருந்து எடுத்தாச்சு. மிச்சத்தை அங்கே போய் எடுங்க” என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று தமிழில் சொல்லலாம். சுருக்கமாக ‘ஏ.ஏ.’

வீட்டுக்கு வந்ததும் நான்தான் அந்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் மிகச் சாதாரணமாக, ஏதோ கேஸ் சிலிண்டர் விசாரிப்பவரிடம் பேசுவது போலக் கேட்டார்: “பிரச்னை உங்களுக்கா, வேற யாருக்காவதா?” அண்ணனுக்கு என்றேன். “அப்படின்னா அவரையே பேசச் சொல்லுங்க சார். நீங்க அவருக்காக விட முடியாதில்ல?” அவ்வளவுதான். முகவரி கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, பணம் பற்றிப் பேச்சே இல்லை. முந்தைய இல்லத்தின் அனுபவத்தில் எனக்கு இதுவே சந்தேகமாக இருந்தது. காசு கேட்காத இடத்தில் என்ன வைத்தியம் இருக்கப் போகிறது?

அண்ணன் அந்தச் சீட்டைப் பதினோரு நாள் பர்ஸில் வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் என் செல்போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று பார்த்தேன். தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சயனைடு மண்ணை மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்த மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தார். லைனில் நின்று பேசினால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடும். காற்றில் வெள்ளை மண் பறக்க, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கே நின்று பேசினார். என்ன பேசினார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

முதல் கூட்டம் பெங்களூரில், கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட வகுப்பறையில். எல்லாம் இங்கிலீஷ். அண்ணனுக்குப் பாதிதான் புரிந்தது. டை கட்டிய ஒருவர் எழுந்து, தான் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்த கதையைச் சொன்னதாகவும், அது மட்டும் நன்றாகப் புரிந்ததாகவும் வந்து சொன்னார். “டை கட்டினவன்கூட அப்படித்தான்டா.” அதில் அவருக்கு ஒரு விசேஷமான திருப்தி. ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஒரு கூட்டம் நடப்பதாக அங்கேதான் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது ஞாயிறு நானும் போனேன். குடிப்பவர்கள் மட்டும் உட்காரும் கூட்டங்கள் உண்டு. குடும்பத்தாரும் வரலாம் என்கிற திறந்த கூட்டங்களும் உண்டு. இது இரண்டாவது வகை. மரபெஞ்சுகள். கரும்பலகையில் யாரோ ஒரு குழந்தை எழுதிய கூட்டல் கணக்கு. சுமார் இருபது பேர். சில நொடி மௌனம், பிறகு ஒருவர் ஒரு சிறு பத்தியைப் படித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஆட்டோ ஓட்டுபவர், தையல்காரர், ஓய்வு பெற்ற ராணுவ ஹவில்தார், ஒரு பையன் – காலேஜ் முடித்திருப்பானா என்பதே சந்தேகம். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. குறுக்கே பேசவில்லை. ஒருவர் அழுதபோது யாரும் எழுந்து போய்த் தேற்றவில்லை. அழுது முடித்ததும் “தேங்க்ஸ்” என்றார்கள், அடுத்தவர் ஆரம்பித்தார். கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது. ஐந்து, பத்து ரூபாய்கள். வாடகைக்கும் தேநீருக்கும். நான் ஐம்பது ரூபாய் போடப் போனேன். பக்கத்திலிருந்தவர் மெதுவாகக் கையைத் தடுத்தார். “நீங்க வேணாம் சார். வெளியாள் காசு நாங்க வாங்கறதில்ல.” இப்படி ஒரு சங்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்றார்கள். இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ‘குடிகாரன்’ என்பது வசவு. ஆஸ்பத்திரிகளும் இந்த இயக்கமும் சேர்ந்து ‘குடிநோயாளி’யைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. குணக்கேடு அல்ல, நோய் என்று சொல்வதற்காக. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஹவில்தார் மட்டும் பிடிவாதமாக, “நான் ஒரு குடிகாரன்” என்றே ஆரம்பிப்பார். “நோயாளின்னா யாராவது ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பாக்கணும். நான் பண்ணதுக்கு ஆரஞ்சா குடுப்பாங்க?” என்பார்.

இந்த இயக்கம் 1935-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரான் என்ற ஊரில் தொடங்கியது. பில் வில்சன் பங்குச் சந்தையில் நொடித்தவர். பாப் ஸ்மித் அறுவைச் சிகிச்சை டாக்டர். இருவரும் மொடாக் குடியர்கள். அந்த வருடம் ஜூன் 10-ம் தேதி டாக்டர் கடைசியாகக் குடித்தார். அதையே பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு குடிகாரன் சொல்வதை டாக்டரோ பாதிரியோ பெண்டாட்டியோ கேட்க முடியாத விதத்தில் இன்னொரு குடிகாரன் கேட்பான் என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்தது. அதைவிட முக்கியமானது, அப்படிக் கேட்பதால் கேட்பவனும் அன்று குடிக்காமல் தப்பிக்கிறான் என்பது. இந்தியாவில் 1957-ல் பம்பாயில் வேரூன்றியது. தலைவர் கிடையாது, உறுப்பினர் சந்தா கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

எங்கள் குடும்பத்துக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய ‘தமிழன்’ பத்திரிகை நின்றுபோன பிறகு, 1926-ல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். எங்கள் தாத்தா அந்த வழியில் வந்தவர். வீட்டில் புத்தர் படம் மட்டும்தான். கடவுளிடம் ஒப்படைத்துவிடு என்றால் அண்ணன் யாரிடம் ஒப்படைப்பார்? “எனக்கு இல்லாத ஆளுகிட்ட நான் இன்னான்னு குடுக்கறது?” என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். நான் நெளிந்தேன். தையல்காரர்தான் பதில் சொன்னார். அவர் வேளாங்கண்ணி மாதா படத்தைக் கழுத்தில் போட்டிருப்பவர். “உனக்குச் சாமி வேணாம்னா வேணாம். இந்த ரூம்ல இருபது பேரு இருக்கோம். தனியா இருக்கறப்ப உன்னால முடியல. இங்க உக்காந்திருக்கற ஒண்ணரை மணி நேரம் குடிக்காம இருக்க. அப்ப இந்த ரூமு உன்னைவிடப் பெருசுதானே? இதுகிட்ட குடு.”

பின்னால் படித்தபோது தெரிந்தது, இந்தச் சண்டை ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. 1939-ல் அவர்களுடைய புத்தகம் அச்சாகும் முன்பே, கடவுள் நம்பிக்கை இல்லாத சில நியூயார்க் உறுப்பினர்கள் சண்டை போட்டு, கடவுள் என்றால் அவரவர் புரிந்துகொண்டபடி என்று சேர்க்க வைத்தார்கள். அண்ணனுக்கு இது தெரியாது. அவர் வேறு வழியில் சமாதானமானார். ஒருநாள் ரயிலில் வரும்போது, “தாத்தா பஞ்சசீலம் சொல்லுவாரில்ல, அதுல அஞ்சாவது இன்னா?” என்று கேட்டார். போதைப் பொருளைத் தொடுவதில்லை என்பது. “மைன்ஸ்ல எறங்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க, நாமதான் நாலோட நிறுத்திக்கினோம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஏழு மாதம் ஓடியது. பிறகு திருப்பத்தூரில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாக் கல்யாணத்திலும் பந்தலுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கும். மூன்று வாரம் கழித்து, 2010 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, அண்ணன் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டு ரயிலேறினார். நானும் கூடப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹவில்தார் தேநீர் டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, “எத்தனை நாள்?” என்றார். அண்ணன் ஒரு விரலைக் காட்டினார். அதற்கும் கைதட்டினார்கள். ஏழு மாதத்துக்குத் தட்டிய அதே அளவு. எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னபோது அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்: “பதினெட்டு வருஷமா நாங்க குடிக்காமத்தான் இருக்கோம் தம்பி. எங்களுக்கு யாரு கை தட்றது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. குடியிலிருந்து மீண்டவர்களின் கதையில் மீண்டவர்தான் கதாநாயகன். அவர் குடித்த காலத்தில் தாலியை அடகு வைத்தவள், பையனைப் பத்தாவது வரை இழுத்துக்கொண்டு வந்தவள், பீரோவுக்குப் பின்னால் பாட்டில் தேடித் தேடி மோப்ப நாய் போல் ஆனவள் – அவளுக்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. அவர் தெளிந்த பிறகோ இன்னொரு கொடுமை. வீட்டில் சம்பளம் வருகிறது, சத்தம் இல்லை, மகிழ்ச்சியாக இருக்க வேண்டியதுதானே என்கிறது ஊர். அண்ணிக்கு அப்போதுதான் கோபம் வர ஆரம்பித்தது. குடிகாரனிடம் கோபப்பட்டு என்ன பயன் என்று சேர்த்து வைத்திருந்த பதினெட்டு வருடக் கோபம்.

ஏ.ஏ.வில் ஒரு வழக்கம். வருடம் நிறைந்தால் ஒரு பதக்கம் கொடுப்பார்கள், அதை வீட்டார் கையால் வாங்குவது விசேஷம். 2011-ல் அண்ணனுக்கு ஒரு வருடம். எல்லோரும் அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், நல்ல புடவைதான் கட்டியிருந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். அறை அமைதியாகிவிட்டது. கடைசியில் தையல்காரரே கொடுத்தார். திரும்பும்போது ரயிலில் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணி சுண்டல் வாங்கி மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று தனியாக ‘அல்-அனான்’ என்று ஒரு அமைப்பு உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு பெண்மணியுடன் சேர்ந்து தொடங்கியது. புருஷர்கள் உள்ளே கூட்டம் நடத்த, கார்களிலும் சமையல் அறையிலும் காத்திருந்த மனைவிகள், நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கிளம்பியதன் விளைவு. அண்ணி முதலில் மறுத்தார். “வீட்ல அழுதது போதாதுன்னு அங்க போய் அழணுமா?” போன பிறகு சொன்னது வேறு: அங்கே யாரும் அழவில்லையாம், ஒரே சிரிப்பாம்.

தங்கவயலிலேயே கூட்டம் நடத்தலாமே என்ற யோசனை ரயிலில்தான் பிறந்தது. பெங்களூர் கூட்டங்களுக்குப் போய்வரும் எங்கள் ஊர்க்காரர்கள் அண்ணனையும் சேர்த்து நான்கு பேர். ஒருவரை ஒருவர் ரயிலில் பார்த்தும் பார்க்காதது போல் பல மாதம் உட்கார்ந்திருக்கிறார்கள்! நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் நாலு பேரும் அறிமுகம் செய்துகொண்டார்கள். பள்ளிக்கூட அறை ஒன்று கிடைத்தது. ஆனால் முதல் இரண்டு மாதம் அந்த நான்கு பேரைத் தவிர யாரும் வரவில்லை. ஊரில் மட்டும் வதந்தி வந்தது. ஏதோ சீட்டுக் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள் என்று ஒரு கோஷ்டி, மதம் மாற்றுகிறார்கள் என்று இன்னொரு கோஷ்டி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த பையன்களை அண்ணன் உள்ளே கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தனுப்பினார்.

உண்மையான சிக்கல் பெயரில் இருந்தது. பம்பாயிலும் பெங்களூரிலும் ‘பெயர் சொல்லாதவர்’ என்பதற்கு அர்த்தம் உண்டு. இங்கே உள்ளே நுழைபவரின் பெயர், அப்பா பெயர், எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தார், எந்தச் சாக்கடையில் விழுந்தார் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாதம் வந்த முதல் புதியவர் – எங்கள் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் – நாற்காலியில் உட்கார்ந்து, “என் பேரு சொல்லணுமா, வேணாமா?” என்று கேட்டபோது நாலு பேரும் சிரித்துவிட்டார்களாம். ஆனால் அவர் பேச ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று நான் அண்ணனிடம் கேட்டேன். “அது ரூமுக்குள்ள” என்றார் அண்ணன். அண்ணியிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. குழாயடிக்கு அது வரவே இல்லை. எங்கள் லைன்களில் இப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. யார் வந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. அந்தப் பெரியவர் தொடர்ந்து வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். வந்து இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டவர்கள்தான் அதிகம். நாலு பேரில் ஒருவர் மறுபடி குடித்து ஈரல் கெட்டு இறந்தார். நாலு பேர் முன் பேசுவது சிலருக்கு ஆகவே ஆகாது. அவர்களுக்கு மருந்தும் தனி ஆலோசனையும்தான் சரி. ஆனால் இது வெறும் பஜனை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். 2020-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வு 27 ஆராய்ச்சிகளையும், அவற்றில் பங்கெடுத்த 10,565 பேரையும் அலசியது. ஏ.ஏ. வழிக்கு முறையாக அறிமுகம் செய்யப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர்கள் 42 சதவிகிதம். மனப்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளில் 35 சதவிகிதம். பெரும்பாலும் அமெரிக்க ஆராய்ச்சிகள்தான். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் ஒன்றுக்குக் கட்டணம் உண்டு, இன்னொன்றுக்கு ஒரு தேநீர். நம் நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மத்திய அரசின் 14446 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம் என்பதுகூட எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. ஒயின் ஷாப் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரயிலும் நின்றது, கூட்டமும் நின்றது, கடைகளும் நின்றன. குடிப்பவர்களுக்கு அது எமன். அண்ணன் போன்றவர்களுக்கு வேறு விதமான எமன். வேலை இல்லாமல், எங்கும் போகாமல், நாலு சுவருக்குள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணனின் மகன் தன் செல்போனில் கூட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காருவான். கட்டத்துக்குக் கட்டம் முகங்கள். கேமராவை உத்தரத்தைப் பார்த்து வைத்துவிட்டுப் பேசும் பெரியவர்கள். மே 4-ம் தேதி கர்நாடகத்தில் கடைகள் திறந்தபோது ராபர்ட்சன்பேட்டையில் வரிசை நீண்டது. அன்று கூட்டம் ஏழு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பதினொன்றரை வரை நடந்தது. யாரும் போனை வைக்கத் தயாராக இல்லை.

2010 ஆகஸ்டில் அந்த ஒரு விரலைக் காட்டிய பிறகு அண்ணன் குடிக்கவில்லை. இதைச் சொல்லும்போது, “இன்னிக்கு வரைக்கும்னு சேத்துக்கோ” என்பார். இரண்டாம் வருடப் பதக்கத்தையும் அண்ணி கொடுக்கவில்லை. நான்காம் வருடம் கொடுத்தார். ஏன் நான்காம் வருடம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அண்ணி தன்னுடைய கூட்டத்துக்காகப் பெங்களூர் போகிறார். சாம்பியனிலிருந்து ரயிலேற்றிவிட்டு வந்து அண்ணன் சமைக்கிறார். சோறு குழைந்துவிடுகிறது, ரசம் பரவாயில்லை.